பற்றிய பரப்பும் விட்ட பரப்பும்: லோவிட்ஸின் கரியிலிருந்து வங்காளத்து மணல் வரை

1785ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் அரச மருந்தகத்தில் டோபியாஸ் லோவிட்ஸ் என்னும் மருந்தாளர் டார்டாரிக் அமிலத்தைத் தூய படிகங்களாகப் பெற முயன்றுகொண்டிருந்தார். கரைசலைச் சுண்டக் காய்ச்சும்போதெல்லாம் அது பழுப்பேறிற்று. படிகங்களும் அழுக்கு நிறத்திலேயே வந்தன. கரித்தூள் கலந்த கரைசல் மட்டும் நிறமிழந்து தெளிவதை அவர் கவனித்தார். பழுப்பு நிறப் பொருள் எரிந்துபோகவில்லை, ஆவியாகவுமில்லை. அது கரியின் மீது ஒட்டிக்கொண்டது. கரைந்திருக்கும் பொருளொன்று கரைசலை விட்டுத் திண்மத்தின் பரப்பில் போய்ச் சேரும் நிகழ்வு வேதியியலாளரின் குறிப்பேட்டில் முறையாக இடம்பெற்றது ஏறத்தாழ இங்கிருந்துதான். லோவிட்ஸ் கொடுத்த விளக்கம் பிழையானது. பொருள்களிலிருந்து ஃபுளோஜிஸ்டனைக் கரி கவர்ந்துகொள்கிறது என்று அவர் எண்ணினார். ஆனால் அவதானிப்பு சரியானது. அதைக் கொண்டு சாராயத்தையும் கப்பல்களில் கெட்டுப்போன குடிநீரையும் அவர் சுத்திகரித்துக் காட்டினார்.

இந்நிகழ்வைத் தமிழகப் பாடநூல்கள் பரப்புக் கவர்ச்சி என்கின்றன. இலங்கைக் கலைச்சொல் மரபு புறத்துறிஞ்சல் என்கிறது. இரண்டும் பொருத்தமான சொற்களே. ஆயினும் இரண்டும் நிகழ்வின் ஒரு பாதியை மட்டுமே சுட்டுகின்றன. கவர்ந்த பரப்பு விடவும் செய்யும் என்ற மறுபாதிக்கு அச்சொற்களில் இடமில்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய குறை அன்று. இத்துறையின் வரலாறு முழுவதிலும் பிடிப்பதை முதலில் கண்டவர்கள் விடுவதைக் காலந்தாழ்த்தியே கண்டிருக்கிறார்கள். அந்தத் தாமதத்தின் விலை சில வேளைகளில் ஒரு தொழிற்சாலைக் கணக்கோடு முடிந்தது. வங்காளத்தில் அது மனித உடல்களில் எழுதப்பட்டது.

கரியின் ஆற்றலைப் பெரிய அளவில் பயன்படுத்தியது சர்க்கரைத் தொழில். 1811இல் மொன்பெலியேயைச் சேர்ந்த ஃபிகியே, மரக்கரியைவிட எலும்புக்கரி மிகத் திறம்பட நிறம் நீக்குவதைக் காட்டினார்; சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகளுக்குள் புகுந்தது. ஆலைக்காரர் கோட்பாடு எதையும் வைத்திருக்கவில்லை. ஆனால் எலும்புக்கரிக்கு ஓர் எல்லை உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிறிது காலத்தில் கரி சோர்ந்துபோகும். சாறு மீண்டும் பழுப்பாகவே வடியும். கரியைக் கழுவி உலையில் சூடாக்கி மறுபடியும் உயிர்ப்பித்தாக வேண்டும். நிரம்புதல், வெளியேறுதல், மீளாக்கம் ஆகிய மூன்றும் ஆலையின் அன்றாட வேலைத்திட்டத்தில் இருந்தன. ஆய்வகம் அவற்றை எட்டிப் பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று.

இந்தியாவில் இந்தக் கரி அரசியலாகவும் ஆனது. 1905க்குப் பிந்தைய சுதேசி இயக்கத்தின்போது, அயல்நாட்டுச் சர்க்கரை மாட்டெலும்பால் வெளுக்கப்படுவது என்ற பரப்புரை வங்காளத்தில் வலுவாக நடந்தது. ஒரு பரப்பின் வேதியியல் இவ்வளவு தீவிரமான தெருப்பேச்சாக வேறெங்கும் மாறியிருக்குமா என்பது ஐயமே.

மண்ணின் கதை இதற்கு இணையாக வேறோர் இடத்தில் தொடங்கியது. யார்க்ஷயரின் நிலவுடைமையாளர் ஹெச். எஸ். தாம்சன், அம்மோனியம் சல்பேட் கரைசலை மண் நிரப்பிய குழாயின் வழியே வடியவிட்டபோது, கீழே வந்தது பெருமளவும் கால்சியம் சல்பேட்டாக இருந்தது. அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்து வேதியியலாளர் ஜே. தாமஸ் வே இதை விரிவாக ஆராய்ந்து 1850இலும் 1852இலும் கட்டுரைகள் வெளியிட்டார். மண்ணின் களிமண் பகுதியே இதற்குப் பொறுப்பு என்பதையும், ஓர் அயனி உள்ளே போக மற்றோர் அயனி வெளியே வருகிறது என்பதையும் அவர் கண்டார். இன்று அயனிப் பரிமாற்றம் என்று வழங்கும் துறைக்கு அதுவே அடித்தளம். ஆனால் வே ஒரு பிழை செய்தார். மண் ஒருமுறை பிடித்ததை மீண்டும் விடாது என்று அவர் கருதினார். உரம் மழையில் அடித்துச் செல்லப்படாமல் மண் காக்கிறது என்ற நற்செய்தியை வேளாண் உலகுக்குச் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவருக்கு அந்த முடிவு இனிமையாக இருந்திருக்கலாம். 1858இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஐக்ஹார்ன், சீயோலைட் கனிமங்களைக் கொண்டு பரிமாற்றம் இருதிசையிலும் நிகழ்வதைக் காட்டினார். கரைசலின் இயைபு மாறினால், பிடித்தது விடுபடும்.

‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லே இதற்கெல்லாம் பின்னர்தான் வந்தது. உடலியலாளர் டு புவா ரேமோன் முன்மொழிய, இயற்பியலாளர் ஹைன்ரிஹ் கைசர் 1881இல் வாயுக்கள் பரப்பில் செறிவதைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். கரைசல்களுக்கு அச்சொல் முழுமையாக உரியதாக ஆனது ஹெர்பெர்ட் ஃபிராய்ண்ட்லிஹின் ஆய்வுக்குப் பிறகு. லைப்ட்சிக் நகரில், ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் பயின்ற அவர், அசெட்டிக் அமிலம் போன்ற பொருள்களைக் கரியுடன் குலுக்கி, கரைசலில் எஞ்சியதையும் கரியில் ஏறியதையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஓர் அடுக்குச் சமன்பாடாக எழுதினார். அச்சமன்பாட்டு வடிவம் அவருக்கு முன்பே சிலரால் கையாளப்பட்டது. அதைக் கரைசல் வேதியியலின் மையத்தில் நிறுத்தியவர் அவர் என்பதால் பெயர் அவருடையதாயிற்று. அதில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. செறிவு குறைந்தால் பரப்பில் உள்ள அளவும் குறைந்தாக வேண்டும். விடுபடல் அச்சமன்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. வளைகோட்டை வலப்புறமிருந்து இடப்புறமாகப் படிக்க வேண்டும், அவ்வளவே. 1916 முதல் 1918 வரை இர்விங் லாங்மியூர் வெளியிட்ட கோட்பாடு இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. பரப்பில் இடங்கள் எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டவை. வந்து சேரும் வேகமும் கிளம்பிச் செல்லும் வேகமும் சமமாகும் நிலையே சமநிலை. அமைதியாகத் தோன்றும் பரப்பில் போக்குவரத்து ஓய்வதில்லை. லாங்மியூர் வாயுக்களை மனத்தில் வைத்து எழுதினார். கரைசல்களுக்கும் அது விரைவில் பொருத்தப்பட்டது.

இவ்விடத்தில் கல்கத்தாவின் பங்கு வருகிறது. இயற்பு வேதியியல் பாடநூல்கள் அதற்குக் கொடுக்கும் இடம் மிகச் சிறிது. பிரசிடென்சிக் கல்லூரியில் சத்யேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா ஆகியோரின் தலைமுறையில் பயின்றவர் ஞானேந்திர நாத் முகர்ஜி. முதல் உலகப் போர் முடிந்ததும் லண்டன் சென்று, யூனிவர்சிட்டிக் கல்லூரியில் டோனனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். கூழ்மத் துகளின் மின்சுமை எங்கிருந்து வருகிறது, மின்பகுளிகள் அதை எவ்வாறு நடுநிலையாக்குகின்றன என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. 1921இல் ஃபாரடே கழகத்தின் இதழில் வெளியான கட்டுரையில் அவர் தந்த விடை இது: திண்மப் பரப்பு முதலில் ஒருவகை அயனிகளை வேதி விசையால் பற்றுகிறது, அவையே பரப்புக்கு மின்சுமை தருகின்றன. அச்சுமை எதிர்மின்சுமை கொண்ட அயனிகளைக் கரைசலிலிருந்து இழுக்கிறது. அவற்றுள் சில பரப்போடு ஒட்டி நிற்கின்றன, சில அருகில் அலைகின்றன. 1924இல் ஸ்டெர்ன் வகுத்த மின் இரட்டை அடுக்கு மாதிரிக்கு இது ஒரு முன்னோடி என்று கூழ்ம வேதியியல் வரலாற்றில் சுட்டப்படுகிறது. வழக்கமான மேற்கோள் மட்டும் ஸ்டெர்னுக்கே போகிறது.

முகர்ஜி, ஜே. சி. கோஷ், சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகிய மூவரும் லண்டனில் இருந்தபோது உருவான எண்ணமே 1924இல் பிரஃபுல்ல சந்திர ரே தலைமையில் இந்திய வேதியியல் கழகமாக வடிவெடுத்தது. கல்கத்தா திரும்பிய முகர்ஜி, தன் கோட்பாட்டை மண்ணுக்கு எடுத்துச் சென்றார். களிமண்ணின் அமிலத்தன்மை, அதில் அலுமினியத்தின் பங்கு, அயனிகள் ஒன்றையொன்று இடம்பெயர்க்கும் வரிசை எனப் பல ஆண்டுகள் அவருடைய குழு உழைத்தது. 1940களில் அவர் டெல்லியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார். அக்காலத்திற்குள் இரண்டு செய்திகள் தெளிவாகிவிட்டன. ஒன்று, மண் பரப்பின் பிடிப்பு அயனியின் வகையைப் பொறுத்தது. ஒத்த இயல்புடைய வேறொன்று வந்தால் இடம் கைமாறும். மற்றொன்று, பரப்பின் வேதியியலே மாறிவிட்டால் பழைய பிடிப்புக்குப் பொருளில்லை. கங்கைச் சமவெளியின் அடியில் அப்போது யாரும் இதைப் பொருத்திப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவையும் எழவில்லை. வங்காளம் குளத்து நீரையும் திறந்த கிணற்று நீரையும் குடித்துக்கொண்டிருந்தது.

குழாய்க்கிணறுகள் பெருகியது 1960களுக்குப் பிறகு. வாந்திபேதியிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் காக்க, மேற்பரப்பு நீரை விட்டு நிலத்தடி நீருக்கு மக்களை நகர்த்துவது நல்ல நோக்கம். அதனால் குழந்தைகள் பிழைத்ததும் உண்மை. கோடை நெல்லுக்கான பாசனமும் அதே ஆழங்களை நாடிற்று. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கை, உள்ளங்கால்களின் தடித்த தோலையும் கண்டு, அது நாட்பட்ட ஆர்செனிக் நஞ்சு என்று அடையாளம் காட்டினார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் மாவட்டம் மாவட்டமாகக் கிணறுகளை அளந்து, சிக்கலின் பரப்பை வெளிக்கொணர்ந்தனர். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில் அது இன்னும் பெரிதாக இருந்தது. ஒரு மக்கள்தொகை மொத்தமாக நஞ்சுக்குள்ளான நிகழ்வுகளில் வரலாறு கண்ட மிகப் பெரியது என்று 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதப்பட்டது.

தொடக்கத்தில் பலரும் தேடியது ஓர் ஆர்செனிக் சுரங்கத்தை. எங்கோ ஒரு கனிமப் படிவு இருக்கவேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் வங்காள வண்டலில் ஆர்செனிக்கின் அளவு வியப்பூட்டுவதன்று. பெரும்பாலும் கிலோகிராமுக்குச் சில மில்லிகிராம், உலகின் பிற வண்டல்களிலும் காணத்தக்க அளவே. ஓர் எளிய கணக்கு இதன் பொருளை உணர்த்தும். துளைவெளி 30 விழுக்காடாக உள்ள மணலில், 1 லிட்டர் நீரைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோகிராம் மணல் இருக்கும். கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் எனக் கொண்டால், அந்த மணலில் உள்ள ஆர்செனிக் 30 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் நீருக்குப் போனால் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். ஆகவே ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதைவிட ‘எது அதைப் பிடித்து வைத்திருந்தது, ஏன் விட்டது’ என்பதே இங்கு வினா.

பிடித்து வைத்திருந்தது துரு. இமயத்திலிருந்து அரித்து வரப்படும் மணல் துகள்கள்மீது இரும்பு ஆக்ஸைடு, ஹைட்ராக்ஸைடு வகைப் பொருள்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. அவற்றுள் படிகமாகாத வகைகள் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொண்டவை. ஆற்று நீரில் மிகக் குறைந்த அளவில் கரைந்திருக்கும் ஆர்செனேட் அயனிகளை அப்பரப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்டே வந்தது.

அது ஏன் விட்டது என்பதில் கடுமையான விவாதம் நடந்தது. மிகையாக நீர் இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, காற்று உட்புகுந்து, ஆர்செனிக் கலந்த பைரைட் கனிமம் ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்பது முதலில் செல்வாக்குப் பெற்ற கருத்து. அது சரியானால் நீரில் சல்பேட் மிகுந்திருக்கவேண்டும். அளந்தபோது சல்பேட் குறைவாகவும், கரைந்த இரும்பும் பைகார்பனேட்டும் மிகுதியாகவும் இருந்தன. ஆக்சிஜன் அறவே இல்லை. 1997இல் புரோசூன் பட்டாச்சார்யா, தேபாஷிஸ் சட்டர்ஜி, குன்னர் ஜாக்ஸ் ஆகியோரும், 1998இல் ‘நேச்சர்’ இதழில் நிக்சன், மெக்ஆர்தர் குழுவினரும் எதிர்த்திசை விளக்கத்தை முன்வைத்தனர். வண்டலோடு புதைந்த கரிமப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் தீர்த்த பின் இரும்பை நாடுகின்றன. மும்மை இரும்பு இருமை இரும்பாக ஒடுங்கிக் கரைகிறது. பூச்சு கரைந்தால் அதில் ஒட்டியிருந்தது எங்கே நிற்கும்? ஆர்செனிக்கும் நீருக்கு வந்துவிடுகிறது. வங்காளத்தைப் பொறுத்தவரை இன்று பெரும்பான்மையோர் ஏற்பது இதுவே. 1999இல் ஆச்சார்யாவும் சக ஆய்வாளர்களும் இதே இதழில் இன்னொரு கோணத்தையும் சேர்த்தனர்: பாஸ்பேட் அயனி ஆர்செனேட்டின் நெருங்கிய ஒப்புரு, உரத்தின் வழியே வரும் பாஸ்பேட் ஆர்செனேட்டைப் பரப்பிலிருந்து தள்ளிவிடக்கூடும். அதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாதத்தின் வடிவம் தாம்சனின் மண்குழாயை அறிந்த எவருக்கும் புதியதன்று. ஓர் அயனி உள்ளே போக மற்றோர் அயனி வெளியே வருகிறது.

தீர்வாக வந்ததும் அதே நிகழ்வுதான். நீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்க மலிவான வழி அதை மீண்டும் ஒரு பரப்பில் ஏற்றுவது. கிளர்வுற்ற அலுமினா, இரும்பு ஹைட்ராக்ஸைடு, இரண்டின் கலவை எனப் பல வடிகலன்கள் மேற்கு வங்காளத்தின் கைப்பம்புகளோடு இணைக்கப்பட்டன. தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் பாருய்ப்பூரில் 11 உற்பத்தியாளர்களின் 19 கருவிகளை 2 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஜாதவ்பூர் குழுவின் கட்டுரை 2005இல் வெளியானது. எந்தக் கருவியாலும் ஆய்வுக்காலம் முழுவதும் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே நிறுத்த இயலவில்லை; அன்றைய இந்திய வரம்பான 50 மைக்ரோகிராமைத் தொடர்ந்து காத்தவை இரண்டு மட்டுமே.

இதில் வேதியியல் வியப்பு ஏதுமில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது. ஆழ்நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனைட் வடிவில் இருக்கிறது. நடுநிலை நீரில் அதற்கு மின்சுமை இல்லாததால் அலுமினா அதை நன்கு பற்றுவதில்லை. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டதும் சேறாகி வடிகலனை அடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பரப்பு நிரம்பிய நாளை எவரும் கண்ணால் காண முடியாது. சர்க்கரை ஆலையில் கரி சோர்ந்தால் சாறு பழுப்பாகி எச்சரித்தது. ஆர்செனிக் நீருக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. ஆகவே மாதந்தோறும் அளப்பவர் ஒருவர், மீளாக்கத்திற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் என்று ஊரில் ஏற்பாடு இருந்தால் ஒழிய வடிகலன் ஒரு நம்பிக்கைப் பொருளாகவே நிற்கும். சிப்பூரின் வங்காளப் பொறியியல் கல்லூரியும் லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தாவும் 1997 முதல் நிறுவிய அலுமினா அமைப்புகள் நெடுநாள் நின்றதற்குப் பொருளைவிட ஏற்பாடே காரணம் எனலாம்: பயனாளர் குழு பணம் திரட்டிப் பராமரித்தது, சோர்ந்த அலுமினா ஒரு பொது மையத்திற்குப் போய் காஸ்டிக் சோடாவில் கழுவப்பட்டு மீண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் கைட்டோசானோடு இணைத்து உருவாக்கிய இரும்பு ஆக்ஸிஹைட்ராக்ஸைடு நுண்கட்டமைப்பு மிகத் திறனுள்ள பரப்பு. அதற்கும் நிரம்பும் நாள் ஒன்று உண்டு.

நிரம்பிய பின் அது எங்கே போகிறது என்ற கேள்வி இன்னும் கடினமானது. ஆர்செனிக் ஏறிய கழிவு ஆபத்தற்றதா என்று அறிய அமெரிக்காவில் வகுக்கப்பட்ட கசிவுச் சோதனை, அமிலக் கரைசலில் 18 மணி நேரம் குலுக்கிப் பார்க்கிறது. 2004இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையான குப்பைக் கிடங்கின் நிலைமைகளில் இச்சோதனை காட்டுவதைவிட மிகுதியாக ஆர்செனிக் வெளியேறுவதைக் காட்டினர். கிடங்கின் உள்ளே ஆக்சிஜன் இல்லை, கரிமப் பொருள் மிகுதி, நுண்ணுயிர்கள் உண்டு. வங்காளத்து மணலுக்கு அடியில் நடந்தது என்னவோ அதுவே அங்கு சிறு அளவில் மீண்டும் நடக்கிறது. நீரிலிருந்து எடுத்ததைக் குளக்கரையிலோ சாணக்குழியிலோ கொட்டும்போதும் அதே வாய்ப்பு உண்டு.

கங்கைக் கழிமுகத்தில் துளை போடும் தொழிலாளர்களுக்கு இந்த வேதியியலின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும். குழாய் இறங்கும்போது மேலே வரும் மணல் சில ஆழங்களில் சாம்பல் நிறமாகவும், சில ஆழங்களில் செம்பழுப்பாகவும் இருக்கும். செம்பழுப்பு என்றால் துகள்மீது துரு இன்னும் இருக்கிறது, அது ஆர்செனிக்கைப் பிடித்திருக்கிறது. அங்குள்ள நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் குறைவு. சாம்பல் நிறம் என்றால் பூச்சு கரைந்துவிட்டது. இந்த நிறத்தைக் கொண்டு கிணற்றின் ஆழத்தைத் தேர்வது பயனுள்ள வழி என்பதை வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்த ஆய்வுகள் 2007 முதல் காட்டிவந்துள்ளன. செம்பழுப்பு மணலிலிருந்து பெருமளவில் நீர் இறைக்கப்பட்டால், பக்கத்துச் சாம்பல் மணலின் கரிமம் மிகுந்த நீர் அங்கே இழுக்கப்படலாம். அந்தத் துரு எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை அளக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.